கம்புக்கு ஒரு பாடு

சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த மூன்று நீளச் சவுக்குக் கம்புகளோடு ஒரு பெண் கூடூர் பாசஞ்சரில் ஏறினால் ஜனங்கள் அவளைப் பற்றி என்னவெல்லாம் நினைப்பார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. பந்தல் போடுகிறவள் என்றார் ஒருவர். சர்வே ஆபீஸ் என்றார் இன்னொருவர். நடுவழியில் ஏறிய கூடைக்காரம்மா ஒருத்தி கம்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்தவளின் காதில் ரகசியம் சொல்வதுபோல், பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "குடும்பக் கட்டுப்பாட்டுக்காரி. செவப்பு பெயிண்ட்ட பாத்தியா?"

என் எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்கள் உடனே எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டார்கள். எனக்குக் காலை நீட்டிக்கொள்ள வசதியாயிற்று.

இது எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு புரட்டாசி மாதம். நான் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியல் படித்துக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவி. சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். கடலை முதன்முதலாகப் பார்த்தபோதே எனக்கு இருபது வயது தாண்டிவிட்டது. எங்கள் பேராசிரியர் அப்போதுதான் வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய்த் திரும்பியிருந்தார். அங்கே ஒரே பேச்சாம்: ஆலைப் புகை காற்றில் சேர்ந்துகொண்டே போகிறது, பூமி சூடாகலாம், துருவத்துப் பனி உருகலாம், கடல் ஏறலாம். எவ்வளவு, எப்போது என்று யாருக்கும் நிச்சயமில்லை. வடக்கு நாட்டுக்காரர்கள் துறைமுகத்துக்குத் துறைமுகம் தண்ணீர் மட்டத்தைத் தலைமுறைக் கணக்கில் அளந்து வைத்திருக்கிறார்கள். "உங்கள் உப்பங்கழிகளில் நிலவரம் என்ன?" என்று இவரைக் கேட்டிருக்கிறார்கள். இவரிடம் பதில் இல்லை. அந்த வெட்கம் தாங்காமல்தான் என் கையில் கம்பைக் கொடுத்துப் பழவேற்காட்டுக்கு அனுப்பினார்.

ஆராய்ச்சி உலகத்தைக் காப்பாற்றும் என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் அளந்து பார்க்காத எதையும் காப்பாற்ற முடியாது என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. எண்ணூரைத் தாண்டும்போது ஜன்னலில் புகைபோக்கி தெரிந்தது. வடக்கே கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகளுக்கு மேடு பள்ளத்தைச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். நான் சரியான நேரத்தில்தான் வருகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பொன்னேரியில் இறங்கி நாஷ்டா. இட்லிக்கு வடகறி என்று ஒன்றை ஊற்றினார்கள். எங்கள் ஊரில் இட்லிக்குத் தேங்காய்ச் சட்னியைத் தவிர வேறு எதையும் தொட்டுக்கொண்டால் சொந்தக்காரர்கள் கவலைப்படுவார்கள். நான் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பழவேற்காட்டு பஸ்ஸின் கூரையில் கம்புகளைக் கட்டிய கண்டக்டர் என்னைவிட நம்பிக்கைக்காரர். "டீச்சர், அது எங்கியும் போவாது, குந்துங்க" என்றார். முதல் வளைவிலேயே ஒன்று போயிற்று. கூரையிலிருந்து சறுக்கி, நடவு முடிந்திருந்த ஒரு நெல்வயலில் சாய்வாகக் குத்திக்கொண்டு நின்றது. பஸ் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்துச் சிரித்தது. வயலின் அந்தக் கோடியிலிருந்து ஒரு மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடிவந்தார்.

"எவன்டா அவன் என் நெலத்துல கம்பு நட்டது?"

"காலேஜு டீச்சர் நைனா. தெரியாம வுயுந்துருச்சு" என்றார் கண்டக்டர்.

"காலேஜா இருந்தா இன்னா, கவர்மெண்டா இருந்தா இன்னா? மொதல்ல புடுங்குங்க!"

பிடுங்கினோம். ஒரு கம்புக்கு இத்தனை கோபமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். துளசிங்கம் என்பவருடைய தோணியை எனக்காகப் பேசி வைத்திருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். அவருடைய மனைவி தனம்மாவுக்கு அது நேர்மாறு. வாசலில் கம்பைச் சாத்தி வைத்ததுமே அவளும் அதே குடும்பக் கட்டுப்பாட்டுச் சந்தேகத்தைக் கேட்டாள். இல்லை, தண்ணீரை அளக்க வந்திருக்கிறேன் என்றேன்.

"தண்ணிய அளந்து இன்னா பண்ணுவ?"

"ஏறுதா எறங்குதான்னு பாக்கோணுங்க."

"தெனம் ஏறுது, தெனம் எறங்குது. இதுக்கா மெட்ராஸ்லேந்து வந்த?" என்று சிரித்தவள், என் 'ங்க'வை அன்று முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் நண்டுக் குழம்பு. எங்கள் ஊரில் மீன் என்றாலே குளத்துக் கெண்டைதான். நண்டு வயல் வரப்பில் ஓட்டை போடுகிற பிராணி, அவ்வளவுதான். தட்டில் கால்களோடு கிடந்ததை எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். தனம்மா எட்டி ஒரு காலை ஒடித்துப் பல்லால் கடித்து உடைத்துச் சதையை என் சோற்றின் மேல் வைத்தாள். அப்புறம் நான் யாரையும் எதிர்பார்க்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவும்போது ஒரு பெண் கூடை நிறைய மடவை மீனைக் கொண்டுவந்து பக்கத்து வீட்டில் இறக்கினாள். அந்த வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்திருந்தார். கடனா, தானமா என்று கேட்டேன்.

"ரெண்டும் இல்ல. இன்னிக்கி அவன் பாடு. அவன் படுத்துகினான். அடுத்த பாட்டுக்காரன் அவனுக்காவ வலையப் போட்டான். மீனு அவனுதுதான், இங்க வந்துரும்" என்றாள் தனம்மா. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடலாம் என்று ஊரே சீட்டுப் போட்டு வைத்திருக்கும் முறைதான் பாடு. நல்ல ஏற்பாடு என்று மனதில் பாராட்டிவிட்டு மறந்துபோனேன்.

மறுநாள் காலை தோணியில் போனோம். ஏரி என்று சொல்கிறார்கள், கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். ஆனால் துளசிங்கம் ஊன்றித் தள்ளிய கோல் பல இடங்களில் பாதிகூட நனையவில்லை. இவ்வளவு ஆழம் குறைந்த தண்ணீரில் கடல் ஒரு சாண் ஏறினாலும் எத்தனை ஊருக்குத் தெரியும் என்று கணக்குப் போட்டபடி உட்கார்ந்திருந்தேன். ஆற்றுத் தண்ணீர் வந்து சேரும் பக்கம் ஒரு கம்பு, நடுவில் ஒன்று, கடலுக்குத் திறக்கும் முகத்துவாரத்தருகே ஒன்று என்று நடச் சொன்னேன். முகத்துவாரத்துக் கம்பை ஊன்றும்போது துளசிங்கம் கையை நிறுத்தினார்.

"இங்கதான் நடணுமா டீச்சரம்மா?"

"ஆமாங்கண்ணா. கடல் உள்ள வர்ற எடத்துல நட்டாத்தான் கணக்கு சரியா வரும்."

"சர்க்கார்ல கேட்டுகினீங்களா?"

"எல்லாம் கேட்டாச்சுங்க."

சர்க்காரில் கேட்டிருந்தேன். ஊரில் கேட்கவில்லை. ஊரிலும் கேட்டுவிட்டேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். கம்பைத் தோளால் அழுத்தி ஊன்றினார்.

அடுத்த நாள் குப்பம் கூச்சலோடு விடிந்தது. முகத்துவாரத்துக் கம்பைப் பிடுங்கிக் கரையில் எறிந்திருந்தார்கள். எறிந்தவர் தேசப்பன் என்ற உயரமான மனிதர். கம்பின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏரியில கம்பு நட்டா இன்னா அர்த்தம்? அந்த எடம் என்னுதுன்னு அர்த்தம். நாளக்கி அங்க பாடு என்னுது. இந்தத் தொளசிங்கம் காலேஜ காட்டி எடத்த வளைக்கப் பாக்கறான்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வலை கட்டுகிறவன் முதலில் செய்கிற வேலை கம்பு நடுவது. பெயிண்ட் அடித்தால் என்ன, அளவு போட்டால் என்ன, அவர்கள் கண்ணுக்கு அது ஒருவன் இடம் பிடித்த கம்பு. முறை இல்லாமல் கம்பு நட்டவனுக்கு அந்தப் பருவம் முழுக்கப் பாடு கிடையாது. மழைக்குப் பிறகு இறால் பருவம் வருகிறது. அதை வைத்துத்தான் தனம்மா வீட்டில் வருஷம் ஓட வேண்டும்.

அம்மன் கோயிலுக்கு முன்னால் மணலில் பஞ்சாயத்து கூடியது. தலைவர் முனிரத்தினம் மெதுவாகப் பேசுகிறவர். அதனாலேயே எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

"தொளசிங்கம், கம்ப யார் நட்டது?"

"டீச்சரம்மா சொன்னாங்க. நான் நட்டேன்."

"ஊர்ல கேட்டியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே பெண்கள் எழுந்து பேசுவதில்லை என்பது எழுந்த பிறகுதான் தெரிந்தது. "தப்பு என்னோடதுங்க. கம்புகளை எடுத்துட்டு நான் ஊருக்குப் போயிர்றேன். அவரை விட்டுருங்க" என்றேன்.

"நீ போயிட்டா, நட்ட கம்பு நடாத கம்பா ஆயிடுமாம்மா?" என்றார் முனிரத்தினம். கோபமில்லை. உண்மையாகவே கேட்டார்.

கோபமெல்லாம் எனக்குத்தான். பூமியே சூடாகிறது என்று உலகம் கவலைப்படுகிறது, இவர்கள் ஒரு குச்சிக்குச் சண்டை போடுகிறார்களே என்று பொருமிக்கொண்டு நின்றேன். நின்ற இடத்தில் எங்கள் வீட்டுக் கிணறு ஞாபகம் வந்தது. நான்கு பங்காளிகளுக்குப் பொதுக் கிணறு. முறை வைத்து இறைப்போம். அடுத்தவன் முறையில் ஒரு சால் தண்ணீரைத் தன் பாத்திக்குத் திருப்பியவனை என் அப்பா மண்வெட்டியோடு துரத்தியிருக்கிறார். அப்பா ரொம்பச் சாது. அந்த நினைப்பில் என் கோபம் வடிந்துவிட்டது.

"எங்கூருல ஒரு வழக்கமுங்க" என்று தொடங்கினேன். "கெணத்துத் தண்ணிக்கு மொறை உண்டு. அதுல மாரியம்மன் கோயில் வாழைக்கும் ஒரு மொறை. சாமி வந்து எறைக்காது. ஆனா அந்த மொறையில யாரும் கை வைக்கமாட்டாங்க. அதே மாதிரி இந்தக் கம்புக்கும் ஒரு பாடு குடுங்க. திருட்டுக் கம்புன்னாத்தான தப்பு? மொறை இருந்தா தப்பில்லீங்களே?"

மணலில் ஒரு சிரிப்பு ஓடியது. தேசப்பன் சிரிக்கவில்லை. "பாடு எடுக்கறவன் மீனு புடிக்கறான். ஒன் கம்பு இன்னா புடிக்கும்?"

"தண்ணி எவ்வளவு ஏறுது, எவ்வளவு உப்பு, எவ்வளவு சூடுன்னு புடிக்கும்."

"அத்த வச்சிகினு கொயம்பா வைக்கறது?"

"கும்மிடிப்பூண்டி பக்கம் மண்ணு வெட்டறாங்களே, பாத்திருப்பீங்க. பாக்டரி வரும். நல்லதும் வரும், அழுக்குத் தண்ணியும் வரும். நாளைக்கு ஏரி கெட்டுப்போச்சுன்னு நீங்க போய்ச் சொல்லுவீங்க. எப்பவுமே அப்படித்தான் இருந்துச்சுன்னு நாற்காலியில உக்காந்து ஒருத்தர் சொல்லுவார். எப்பவும் எப்படி இருந்துச்சுன்னு இன்னிக்கே அளந்து வெச்சாத்தான் அன்னிக்கு வாயத் தொறக்க முடியும். கடல் ஏறுனாலும் அதே கதைதானுங்க."

யாரும் சிரிக்கவில்லை. முனிரத்தினம் மணலில் விரலால் ஏதோ கோடு இழுத்துக்கொண்டிருந்தார். "புடிக்கறத யாருக்குக் குடுப்ப?" என்று கேட்டார்.

பேராசிரியருக்கு, அப்புறம் வெளிநாட்டுப் பத்திரிகைக்கு என்பதுதான் நிஜம். ஆனால் பாடு எடுத்துப் பிடித்தது முதலில் கரைக்குத்தானே வர வேண்டும்? "மொதல்ல உங்களுக்கு. இதே எடத்துல வந்து சொல்றேன். அப்புறம்தான் மத்தவங்களுக்கு" என்றேன். யாரையும் கேட்காமல் பல்கலைக்கழகத்தின் சார்பில் நானே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

தீர்ப்பு ஆயிற்று. அமாவாசை தோறும் முகத்துவாரத்து இடம் காலேஜின் பாடு. மற்ற நாட்களில் கம்பு நிற்கலாம், வலை அதைச் சுற்றிப் போகும். அமாவாசைக்கு நான் வந்து அளந்து ஊருக்குச் சொல்ல வேண்டும். ஒருமுறை தவறினாலும் பாடு போயிற்று. கம்புக்குக் கை கால் கிடையாது, யார் பொறுப்பு என்று தேசப்பன் கேட்டார். துளசிங்கம் கையைத் தூக்கினார். காலேஜ் தவறினால் துளசிங்கத்தின் பாடும் போகும் என்று தலைவர் சொன்னதும் தனம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விட்டுவிட்டு ஊருக்குப் போக எனக்குத் தைரியமில்லை.

காலேஜுக்கு அடுத்த பாடு யாருக்கு என்று சீட்டுப் போட்டார்கள். தேசப்பன் பெயர்தான் வந்தது. அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

ஐப்பசி அமாவாசையும் தீபாவளியும் ஒட்டியே வந்தன. ஊருக்குப் போகாமல் பழவேற்காட்டுக்குப் போனேன். என் அம்மா அதற்காகப் பல வருஷம் என்னை மன்னிக்கவில்லை. கம்பைப் பார்த்து, தண்ணீரின் சூட்டையும் உப்பையும் எடுத்து, கோயில் முன்னால் எழுந்து நின்று சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். "இம்மாந்தானா மீனு?" என்றார் தேசப்பன். அடுத்த முறைக்கு வேண்டுமென்று ஒரு பாட்டிலையும் தெர்மாமீட்டரையும் துளசிங்கம் வீட்டிலேயே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

கார்த்திகை அமாவாசைக்கு முன்பே காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. நான் ஏறிய பாசஞ்சர் மீஞ்சூரில் நின்றது. அதற்கு அப்பால் தண்டவாளம் தண்ணீரில் என்றார்கள். கார்டு கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனதைப் பார்த்ததுமே ரயில் இன்றைக்குக் கிளம்பாது என்று புரிந்துவிட்டது. அமாவாசை அங்கேயே, ஒரு கிளப்புக் கடையின் பெஞ்சில், ஆறிப்போன போண்டாவோடு கழிந்தது. எங்கள் அப்பா காவிரிக்கரைக்காரர்களைப் பார்த்து எப்போதும் பொறாமைப்படுவார். இத்தனை தண்ணீரை அவருக்குக் காட்டியிருக்க வேண்டும்.

மறுநாள் லாரி ஒன்றில் பொன்னேரி. அங்கிருந்து பஸ் இல்லை. ஆரணி ஆறு சாலைமேல் போய்க்கொண்டிருந்தது. பறந்துபோன கூரைகளுக்குக் கீற்று ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் கிளம்பியது. "டீச்சரா? ஏறிக்கோ, கெட்டியா புடிச்சிக்கோ" என்றார் ஓட்டியவர். கீற்றின் மேல் உட்கார்ந்து, என்னால் ஒரு குடும்பத்தின் இறால் பருவம் போயிற்றே என்று வழியெல்லாம் நொந்துகொண்டே போனேன். அளந்து வைத்தால் உங்களுக்கு உதவும் என்று சொன்னவள் நான்தான்.

குப்பத்தில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. ஆனால் கோயில் முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. துளசிங்கம் நடுவில். தீர்ப்புத்தான் நடக்கிறது என்று முடிவு செய்து, டிராக்டரிலிருந்து குதித்து ஓடினேன்.

"ரயில் நின்னுருச்சுங்க! அவர் மேல எந்தத் தப்பும் இல்லீங்க!"

"குந்தும்மா. மூச்சு வாங்கிக்கோ. கூரைக்கு ஆளு பிரிச்சிகினு கீறோம்" என்றார் முனிரத்தினம்.

தேசப்பன் எழுந்து தன் வீட்டுக்குள் போனார். ஒரு பனையோலைக் கூடையோடு வந்து என் முன்னால் வைத்தார். உள்ளே ஈரத்துணி சுற்றிய என் பாட்டில், நிறைய ஏரித்தண்ணீர். பக்கத்தில் உடைந்த தெர்மாமீட்டர்.

"ரயிலு வர்லன்னு ரேடியோல சொல்லிட்டான். நேத்து ஒன் பாடு. ஒனக்கு அடுத்தவன் நான். காத்துல தோணி எடுத்துகினு போனேன், தொளசிங்கமும் வந்தான். தண்ணி ஏறுன மட்டுக்கும் ஏறட்டும்னு பாத்துகினு இருந்து, அந்த எடத்துல கம்புல கயிறு கட்டிகீறேன். நடுக் கம்புலயும் கட்டிகீறேன். ஆத்தோரக் கம்பு போயிருச்சு. கண்ணாடிக் குச்சி ஒடஞ்சிருச்சு, அதுக்கு என்ன கேக்காத."

அந்தக் காற்றில் எந்தப் பல்கலைக்கழகமும் ஏரிக்குள் ஆள் அனுப்பியிருக்காது. நான் நேரத்துக்கு வந்து சேர்ந்திருந்தாலும் கரையில் நின்று வேடிக்கைதான் பார்த்திருப்பேன். புயல் நாளில் தண்ணீர் எதுவரை ஏறும் என்பதும் கருத்தரங்கில் பேராசிரியரிடம் பதில் இல்லாமல் போன நிலவரத்தில் ஒன்றுதான். அந்த உயரம் இப்போது ஒரு கயிற்று முடிச்சாகக் கம்பில் இருந்தது. கண்ணில் நீர் நின்றது.

"எதுக்குங்கண்ணா..." என்று மட்டும் கேட்டேன்.

"எதுக்கா? பாடு ஒன்னுது. போட்டவன் நான். பங்கு ஒன்னுது. வாங்கிக்கோ."

"மரம் மாரி நிக்கறியே, வாங்கிக்கோங்க!" என்று தனம்மா என் 'ங்க'வைச் சேர்த்துச் சொன்னாள்.

கூடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். துளசிங்கம் ஏற்கெனவே கோலை எடுத்துக்கொண்டு தோணிப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். போய் முடிச்சுகளை அளந்துவிட்டுத் திரும்பினோம். கூட்டம் கலையாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. கொட்டாவி விட்டவர்கள்கூட முன்வரிசைக்கு வந்திருந்தார்கள்.

"சொல்லும்மா" என்றார் முனிரத்தினம். "நம்ம கம்பு இன்னா புடிச்சுது?"

நான் எழுந்து நின்று சொல்லத் தொடங்கினேன்.